சோதிலிங்கத்தை முட்டித் தள்ளிய காரவன்

ஆக்லாந்து நகரின் சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் ஓடிய பஸ்களில் சோதிலிங்கம் ஓட்டுவது எது என்று, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். மற்ற பஸ்கள் நிறுத்தத்தில் நிற்கும்போது, நின்றுகொண்டு வருபவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள், பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். சோதிலிங்கத்தின் பஸ்ஸில் அந்த மன்னிப்புக்கு வேலை இல்லை. பஸ் நின்றதே தெரியாமல் நின்றிருக்கும். வாடிக்கையாக ஏறும் சாமோவாத் தீவுக் கிழவி ஒருத்தி, பின்னல் ஊசியும் நூலுமாக முன் சீட்டில் உட்கார்ந்து, டவுன் போய்ச் சேரும்வரை ஒரு கண்ணிகூடத் தவறாமல் பின்னிக்கொண்டு வருவாள். இறங்கும்போது சோதிலிங்கத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள்.

யாழ்ப்பாணத்தில் இருந்தவரைக்கும் சோதிலிங்கம் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டியவர் அல்ல. கூட்டுறவுச் சங்கக் கடையில் மேலாளராக இருந்தவர். சண்டை மூண்டு, கொழும்பு போய், அங்கிருந்து மனைவி செல்வநாயகியோடு ஆக்லாந்து வந்து இறங்கியபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. முதலில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. பிறகு பஸ் ஓட்டப் பழகினார். பழக்கியவர் ஒரு வெள்ளைக்காரர், அதிகம் பேசமாட்டார். ஆனால் "நீ நிறுத்தப்போவது உனக்கு மட்டும்தான் தெரியவேண்டும், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது" என்று ஒரு நாள் சொல்லிவைத்தார். அது சோதிலிங்கத்துக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவர் காலுக்கும் பிரேக்குக்கும் இடையில் ஒரு தனி உறவு.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செல்வநாயகி பென்ரோஸில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பகுதியில் வேலை பார்த்தாள். கலகலப்பானவள். தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் கோடையில் வரும் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு எங்கெங்கோ போய், முதுகு சிவக்க வெயில் காய்ந்து, படமெடுத்துக்கொண்டு வருவார்கள். செல்வநாயகி அந்தப் படங்களைப் பார்த்து "நல்ல வடிவு" என்று திருப்பிக் கொடுப்பாள். நியூசிலாந்துக்கு வந்து வருடங்கள் ஓடியும் அவள் ஆக்லாந்தின் எல்லையிலுள்ள பாம்பே ஹில்ஸைத் தாண்டித் தெற்கே போனதில்லை.

காரணம் சோதிலிங்கத்தின் வயிறு. மனிதர் சுத்த சைவம். அதுகூடப் பரவாயில்லை, முட்டை பொரித்த சட்டியைக் கழுவித் தந்தாலும் அதில் சமைத்ததைத் தின்னமாட்டார். ஒரு தடவை பஸ் டிப்போக்காரர்கள் ரொட்டோருவாவுக்குச் சுற்றுலா போனபோது கூடப் போனார். மோட்டல் சமையலறையில் பேக்கன் என்ற பன்றியிறைச்சி மணக்கிறது என்று, போன நேரம் முதல் வந்த நேரம் வரை வாழைப்பழத்திலேயே காலம் தள்ளிவிட்டு, கன்னம் ஒட்டித் திரும்பி வந்தார்.

"இஞ்சேருங்கோ, உங்கட வயித்துக்குப் பயந்து நான் இந்த ஊரைப் பாக்காமலே சாகப்போறனோ?" என்று செல்வநாயகி ஒரு நாள் கேட்டாள்.

"ஆர் போகவேண்டாம் எண்டது? போவம். சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது, அதைச் சொல்லும்."

"குசினியையும் இழுத்துக்கொண்டு போவம்."

சமையலறையை எப்படி இழுத்துப்போவது, விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் வேலைக்குப் போகும் வழியில், அவொண்டேலில் ஒரு வீட்டு வாசலில் விலைக்கு நின்ற காரவனை, காரில் பூட்டி இழுத்துப்போகும் சக்கர வீட்டை, அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். பழையது. பால் வெள்ளை நிறம், இடுப்பில் மண் நிறக் கோடு. உள்ளே ஒரு கேஸ் அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி, மேசையை இறக்கினால் கட்டிலாகும் இருக்கை. விற்ற முதியவர் மனைவி போனபின் அதை எடுக்கவேயில்லை என்றார். பிரேக் எப்படி என்று சோதிலிங்கம் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருந்தது, நல்லாத்தான் இருக்கும்" என்று தோளைக் குலுக்கினார். செல்வநாயகி அதற்குள் அடுப்பைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காரவனின் பிரேக் கார் பிரேக் போன்றதல்ல. மிதிக்க அதற்குத் தனியாக மிதி கிடையாது. கார் வேகம் குறையும்போது பின்னால் வரும் காரவன் காரை முன்னே தள்ளும். அந்தத் தள்ளலில், இரண்டையும் இணைக்கும் கொண்டியின் இரும்புத் தண்டு உள்ளே போகும். தண்டு உள்ளே போனதும் ஒரு கம்பி இழுபட்டு, காரவன் சக்கரங்களில் பிரேக் பிடிக்கும். சொல்லப்போனால், கார் நிற்பதை அறிந்து தானும் நிற்கிற ஏற்பாடு. சோதிலிங்கத்துக்குக் கேட்கவே நன்றாக இருந்தது.

வீட்டுக்கு இழுத்து வந்த அன்று, நியூ நோர்த் ரோட்டின் முதல் சிவப்பு விளக்கில் அவர் வழக்கம்போல மெல்லக் காலை வைத்தார். கார் மெல்ல நிற்க வந்தது. அடுத்த நொடி பின்னாலிருந்து "டங்" என்று ஓர் இடி. கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. செல்வநாயகியின் கைப்பை மடியிலிருந்து காலடிக்குப் போயிற்று.

"ஆரோ இடிச்சுப்போட்டினம்!" என்றாள் அவள்.

சோதிலிங்கம் கண்ணாடியில் பார்த்தார். யாரும் இடிக்கவில்லை. அவர் வாங்கிய காரவன்தான் இடித்திருந்தது. வீடு வந்து சேரும்வரை ஒவ்வொரு விளக்கிலும் அதே "டங்". பாதையோரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் தன் பஸ்ஸில் வருபவர்கள் யாராவது இருந்துவிடுவார்களோ என்று சோதிலிங்கம் சீட்டில் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் அடுத்த கூத்து. பின்பக்கமாக மேட்டில் ஏற்றி நிறுத்தப் பார்த்தால் காரவன் அசையவே மாட்டேன் என்றது. கிளட்ச் கருகும் நாற்றம் தெருவெல்லாம். கடைசியில் விற்றவருக்கே போன் எடுத்தார். முதியவர் சிரித்தார். பின்னால் தள்ளும்போதும் தண்டு உள்ளே போகுமல்லவா, காரவன் கார் நிற்கிறது என்று நினைத்துப் பிரேக் பிடித்துக்கொள்ளும், கொண்டியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது, அதை மடித்துவிட்டுப் பின்னால் எடு என்றார். மடித்ததும் காரவன் சொன்னபடி மேட்டில் ஏறியது. சோதிலிங்கத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. 'டங்' சத்தத்துக்கும் இப்படி ஏதாவது சின்ன நெம்புகோல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு எல்லாரும் கூடும் மண்டபத்தில் இதைச் சொன்னதுதான் தாமதம், பிரேக் வைத்தியர்கள் எங்கிருந்துதான் முளைத்தார்களோ! கிரீஸ் போடு என்றார் ஒருவர். கம்பியை முறுக்கு என்றார் இன்னொருவர். எல்லாரையும்விட உறுதியாகப் பேசியவர் தினேஸ்வரன். மலேசியாவின் ஈப்போக்காரர், பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கின் மேற்பார்வையாளர்.

"அண்ணே, நான் சொல்றேன் கேளுங்க. இது பிரேக்கே இல்ல, வெயிட்டு லா. அண்ணி உள்ள என்னென்ன ஏத்தி வச்சிருக்காங்கன்னு பாருங்க."

பார்த்தார்கள். அரிசி மூட்டை, பருப்பு வகை, கிரைண்டர், இட்லிச் சட்டி, குத்துவிளக்கு ஒன்று. செல்வநாயகி முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லாவற்றையும் இறக்கினாள். கிரீஸும் போட்டார்கள். கம்பியையும் முறுக்கினார்கள். வெறும் காரவன் அதே பலத்தோடு முட்டியது.

இருந்தாலும் ஒரெவா கடற்கரை கிட்டத்தானே, மெல்லப் போய் வருவோம் என்று ஒரு சனிக்கிழமை புறப்பட்டார்கள். அல்பனி ஏற்றம் இறக்கமெல்லாம் தாண்டி, டெய்ரி ஃபிளாட் பக்கம் போகையில் செல்வநாயகி மூக்கை உறிஞ்சினாள். "என்னவோ தீயுது." ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், காரவனின் இடதுபக்கச் சக்கரத்திலிருந்து புகை. கிட்டக் கை கொண்டுபோக முடியவில்லை. அவள் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஊத்தாதேயும், இரும்பு வெடிச்சுப்போடும்! தானா ஆறட்டும்."

ஆறும்வரை என்ன செய்வது? சோதிலிங்கம் புல்லில் குந்தியிருந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப்பக்கம் மாடுகள் வந்து வரிசையாக நின்று அவரைப் பார்த்தன. செல்வநாயகி உள்ளே போனாள். சற்று நேரத்தில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. உப்புமாவும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். லொறிகள் காற்றை அடித்துக்கொண்டு போகும் அந்த ரோட்டோரத்தில்தான் அவர்கள் காரவனில் சமைத்த முதல் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

"கடல் இல்லாட்டி என்ன, மாடு இருக்குத்தானே," என்றாள் செல்வநாயகி.

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "என்ர கையில ஓடுற வாகனம் இப்பிடிச் செய்யுது, செல்வம்."

"அது வாகனத்தின்ர குற்றம். நீங்கள் சாப்பிடுங்கோ."

அந்தச் சக்கரத்தின் நோய் பிடிபட்டது. வீட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தோடு சுழலும் டிரம்மைக் கழற்றியபோது, நெடுநாள் ஓடாமல் நின்றதில், அதை அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டியிருந்தது. அதை விடுவித்து இழுக்கவேண்டிய ஸ்பிரிங்கும் முறிந்து கிடந்தது. பிடித்த பிரேக் விடாமல் உரசி உரசித்தான் அந்தச் சூடு. கம்பியை முறுக்கியது அதை இன்னும் மோசமாக்கியிருந்தது. இரு பக்கத்துக்கும் புதிய ஷூவும் ஸ்பிரிங்கும் வாங்கிப் போட்டு, கம்பியைத் தளர்த்தி அளவாக வைத்தார். அதன் பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினாலும் சக்கரம் சுடவில்லை. புகை போயிற்று. ஆனால் முட்டு மட்டும் போகவில்லை.

சோதிலிங்கம் நொந்துபோனார். பஸ் ஓட்டும்போதுகூட, நிறுத்தம் வருமுன்னே பின்னாலிருந்து ஓர் இடி வரப்போகிறது என்று முதுகு தானாக விறைத்தது. கால் தயங்கியது. சாமோவாக் கிழவி இறங்கும்போது தோளைத் தட்டாமல், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்து, காரவனை விற்றுவிடுவோம் என்றார்.

செல்வநாயகி வாதாடவில்லை. "நீங்கள் சீட்டில இருந்துகொண்டு முட்டு வாங்குறியளே தவிர, அது முட்டேக்க வெளியில நிண்டு பாத்தியளோ?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் யோசித்தார். உண்மைதான். பார்க்கவில்லை. பார்க்கவேண்டுமானால் வேறொருவர் காரை ஓட்டவேண்டும்.

தினேஸ்வரன் பெரிய மனதுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கின் முற்றம் வெறிச்சென்று கிடக்கும், அங்கே கொண்டுவந்து எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள் என்றார். தானே ஓட்டவும் ஏறினார். ஆனால் அவர் பிரேக் போடுகிற விதம், கோபத்தில் கதவைச் சாத்துவது போலிருந்தது. காரவன் முட்டுகிறதா, தினேஸ்வரன் முட்டுகிறாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

"மெதுவா, தம்பி, மெதுவா."

"மெதுவாத்தானே அண்ணே போடுறேன்!"

செல்வநாயகி தேநீர்ப் போத்தலைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தாள். "இறங்குங்கோ தம்பி. நான் ஓட்டுறன்."

அவள் ஸ்டியரிங் பிடித்து வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருந்தது. வந்த புதிதில் அவளும் எழுத்துப் பரீட்சை எழுதிப் பழகுனர் லைசென்ஸ் எடுத்திருந்தாள். மவுண்ட் ரோஸ்கில் பக்கம் ஒரு பூங்கா வாகனத் தரிப்பிடத்தில் சோதிலிங்கம் பழக்கினார். அவர் கத்தவில்லை, ஏசவில்லை. ஆனால் அவள் பிரேக்கில் கால் வைத்த ஒவ்வொரு தடவையும் அவர் நாக்கு "ச்சு" என்றது. தான் அப்படிச் செய்வதே அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த செல்வநாயகி காரை நிறுத்தி, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அதோடு முடிந்தது. அதன்பின் அவள் வேலைக்கும் பஸ், கடைக்கும் பஸ்.

இப்போது அவர் பக்கத்து சீட்டில் இருக்க முடியாது. வெளியே நடக்கவேண்டும். கண்ணாடி ஏற்றியிருந்தது. அவர் நாக்கு என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது.

முதலில் கார் இரண்டு தரம் அணைந்தது. மூன்றாவது தரம் நகர்ந்தது. நடக்கிற வேகத்தில் அவள் ஓட்ட, சோதிலிங்கம் கொண்டிக்குப் பக்கத்தில் முதுகை வளைத்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார். "பிடியும்!" என்று கையைத் தூக்கினார். செல்வநாயகி பிரேக்கில் காலை வைத்தாள். வைத்தாள் என்பதைவிட, தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல இறக்கினாள். கார் நிற்க, இரும்புத் தண்டு சர்ரென்று உள்ளே போய், கடைசியில் போய் 'டங்' என்று மோதி, துள்ளி வெளியே வந்து, இன்னொரு தரம் போய் மோதியது. சோதிலிங்கம் கண் இமைக்காமல் பார்த்தார்.

"இன்னொருக்கா!"

அவள் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "இஞ்சேருங்கோ, ஒரு விசயம். நான் பிடிச்ச உடன இடிக்கேல்லை. முதல் ஒண்டுமில்லை, பின்னால ஆருமே இல்லாத மாதிரி. பிறகுதான் ஒரேயடியா வந்து விழுது."

அவள் சொன்னதும் தான் கண்டதும் சோதிலிங்கத்தின் மனதில் ஒன்றாய்ப் பொருந்தின. தண்டு மெல்ல மெல்ல உள்ளே போகவேண்டும். இது தடையே இல்லாமல் ஓடிப்போய் விழுகிறது. காரவனைக் காரிலிருந்து கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கொண்டியின் தலையில் உடம்பைச் சாய்த்து உள்ளே அழுத்தினார். எதிர்ப்புக் காட்டாமல் உள்ளே போயிற்று. விட்டதும் அதே வேகத்தில் வெளியே வந்தது. தண்டுக்குள்ளே, அந்தத் தள்ளலைத் தாங்கி மெதுவாக விடுவதற்கென்று ஒரு சின்ன ஷாக் அப்சார்பர் இருக்கிறது. அது எப்போதோ செத்துப்போயிருந்தது. பிரேக்குக்கு ஒரு குறையும் இல்லை; பிரேக்குக்குப் போகும் செய்திதான் அடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டம்!" என்று சோதிலிங்கம் எழுந்து நின்றார். உள்ளங்கை முழுக்கக் கிரீஸ். அந்தக் கையோடு மனைவியின் தோளைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று உடுத்திவந்த அவளுடைய வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

"சட்டை போச்சு," என்றாள் அவள். கோபம் குரலில் வரவில்லை.

அதே அளவில் புதிய ஷாக் அப்சார்பர் கிடைக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. கிடைத்ததும் பூட்டிக்கொண்டு அதே முற்றத்துக்குப் போனார்கள். செல்வநாயகி ஓட்டினாள். கார் நின்றது. தண்டு பெருமூச்சு விடுவதுபோல உள்ளே இறங்கியது. சத்தமில்லை. சோதிலிங்கம் கையைத் தூக்கி "இன்னொருக்கா" என்றார். நின்றது. "இன்னொருக்கா." நின்றது. பார்க்கவேண்டியது ஒன்றும் மிச்சமில்லாதபோதும் அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். செல்வநாயகி கண்ணாடியை இறக்கினாள்.

"இப்ப கொண்டியைப் பாக்கிறியளோ, என்னைப் பாக்கிறியளோ?"

சோதிலிங்கம் சிரித்தார். பிறகு "உமக்கு நல்ல கால், செல்வம். பழக்கின அண்டைக்கு நான் அதைப் பாக்கேல்லை" என்றார்.

அவள் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டாள். ஆனால் அடுத்த சுற்றை அவள் இன்னும் அகலமாக, முற்றத்தின் மூலைவரை போய் எடுத்தாள். சுவரோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தினேஸ்வரன், "எப்படியும் வெயிட்டைக் கொஞ்சம் பார்த்துக்குங்க அண்ணே" என்றார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்டினாள். முதலில் முற்றத்தில், பிறகு ரோட்டில். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நாக்கை அடக்க வாய்க்குள் ஒரு கற்கண்டைப் போட்டுக்கொண்டார். செப்டம்பரில் அவள் ஓட்டுநர் பரீட்சைக்குப் போனாள். சோதித்த அதிகாரி ஒரே ஒரு குறை சொன்னாராம்: தேவைக்கு அதிகமாகப் பின்கண்ணாடியைப் பார்க்கிறாய், பின்னால் என்ன தேடுகிறாய் என்று. காரவனைப் பற்றி அவரிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாயிருந்தது.

தைமாதம் பிறந்ததும் லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். இறக்கிய அரிசியும் இட்லிச் சட்டியும் திரும்ப ஏறின. குத்துவிளக்கை மட்டும் வீட்டில் விட்டாள். பாம்பே ஹில்ஸ் தாண்டியபோது செல்வநாயகி திரும்பி ஆக்லாந்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். தாவுப்போ ஏரிக்கரையில் நிறுத்தி, தோசை சுட்டு, தண்ணீரில் கால் நனைத்தார்கள். பக்கத்துக் காரவன் குடும்பம் ஒன்று தோசை வாசனைக்கு எட்டிப் பார்த்தது. அவர்களுக்கும் ஆளுக்கொன்று போயிற்று. ஆக்லாந்தைவிட்டு வெளியே இவ்வளவு வயிறாரச் சாப்பிட்டதாகச் சோதிலிங்கத்துக்கு நினைவே இல்லை.

அங்கேயே நின்று திரும்புவதாகத்தான் ஏற்பாடு. மறுநாள் காலை செல்வநாயகி ஏரிக்கு அப்பால் தெரிந்த பனிமலையைக் காட்டி, "அதுக்கு அங்கால என்ன இருக்கு?" என்றாள்.

"ரோட்டுத்தான். வெலிங்டன் வரைக்கும் போகுது."

"அப்ப போவமே."

சோதிலிங்கம் சாவியை அவளிடம் நீட்டினார். "நீர் ஓட்டும்."

டூராங்கி தாண்டி, மரமே இல்லாத நெடுவெளியில் ரோடு ஏறியது. வலப்பக்கம் மலைகள், இடப்பக்கம் செம்பட்டை நிறத்தில் காற்றுக்கு அலையும் புல். சோதிலிங்கம் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் வண்டி ஓட்டியும் முன்னால் போகிற வாகனத்தின் பின்விளக்கைத் தவிர வேறொன்றையும் அவர் இப்படி ஆறுதலாகப் பார்த்ததில்லை.

"அங்க பாரும், மலையில வெள்ளை வெள்ளையா! பனி! தைமாசக் கோடையிலயும் இருக்கு! அய்யோ, அங்க ராணுவ லொறி... அந்தப் பள்ளத்தைப் பாரும், ஆறு ஓடுது, நீலமா..."

"இஞ்சேருங்கோ," என்றாள் செல்வநாயகி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் ரோட்டைப் பாக்கவேணும். நீங்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு பாருங்கோ."

சோதிலிங்கம் வாயை மூடிக்கொண்டார். அடுத்த ஊரான வையூரு வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கையை மட்டும் நீட்டி, அங்கே, அங்கே என்று காட்டிக்கொண்டே வந்தார்.